ஒஃபேலியாவின் மீராஃப்ளோரெஸ் வீடு

கடலோரப் பணக்காரப் பேட்டையான மீராஃப்ளோரெஸின் எத்தனையோ மாடி வீடுகளைப் பெருக்கித் துடைத்தவள் ஒஃபேலியா. எந்த வீட்டுக்குள்ளும் அவள் முன்வாசல் வழியாகப் போனதில்லை. வேலைக்காரர்களுக்குப் பக்கவாட்டில் தனிக் கதவு இருந்தது. அவள் கணவர் பௌலினோ, நெடுஞ்சாலைக்கு மறுபக்கம், எளியவர்கள் வாழும் சுர்கில்யோவில் சலூன் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் நெடுஞ்சாலைப் பாலத்தைக் கடந்து கடலோரம் நடப்பார்கள்.

"எலி வளையானாலும் இங்க தனி வளை வேணும், கிழவா. சன்னலத் திறந்தா கடல் சத்தம் கேக்கணும்" என்பாள்.

அந்த ஆசைதான் அவளை இத்தாலியின் மிலானுக்குக் கொண்டுபோனது. படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. மூன்று வருஷம் என்று சொல்லிப் போனவள் ஏழு வருஷமாகியும் திரும்பவில்லை.

அப்போதுதான் வீடு அமைந்தது. பௌலினோவிடம் முகம் மழிக்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் அபெலார்தோ, மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். மீராஃப்ளோரெஸில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது அவருடைய பழைய வீடு. மனை ஒடுக்கமானதால் கட்டடக்காரர்கள் யாரும் சீந்தவில்லை. சுவரெல்லாம் ஈரம் பூத்து உதிர்ந்தது. பௌலினோ போய்ச் சன்னலைத் திறந்து நின்றார், கடல் சத்தம் வந்தது. வீட்டைப் பற்றி வேறெதையும் அவர் விசாரிக்கவில்லை. அவள் அங்கே துணைத் தூதரகத்திலும் இவர் இங்கேயும் கையெழுத்துப் போட, வீடு அவர்களுடையதானது.

குடிவந்த மறுநாள் பனியனோடு சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு சீமாட்டி நாயைப் பிடித்தபடி வந்தாள்.

"வாட்ச்மேன், வீட்டுக்காரங்க இருக்காங்களா?"

"வீட்டுக்காரம்மா இத்தாலில இருக்காங்க, சென்யோரா."

"வந்தா சொல்லு. இந்தச் சுவரு பாக்கச் சகிக்கல."

போனில் இதைச் சொன்னதும் ஒஃபேலியா வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அவ சொன்னதுல என்ன தப்பு? எனக்காகத்தானே காவல் காக்குற."

ஊர் விழிக்கும் முன் தினமும் போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவார்.

"கேக்குதா?"

"பஸ் சத்தம்தான் கேக்குது."

"பொறு."

அலை பின்வாங்கும்போது கூழாங்கற்கள் உருளும். மறுமுனையில் மத்தியானம்; தட்டு கழுவும் ஓசை நின்றுபோகும். "ம், கேட்டுச்சு" என்பாள் கடைசியில்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாள். போகாதே என்று மூதாட்டி அழுதாளாம், ஒஃபேலியா வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸும் போனது. அதற்கப்புறம் ஒருவழியாக ஒரு மாத விடுமுறை கிடைத்தது.

டாக்ஸியிலிருந்து இறங்கியவள், பெட்டியோடு நேரே பக்கச் சந்துக்குள் திரும்பினாள்.

"அங்க எங்கடி போற? வாசல் இங்க இருக்கு."

ஒஃபேலியா நின்றாள். சாவியை வாங்கித் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சுவராகத் தொட்டுக்கொண்டே போனாள். சன்னலருகே போனதும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் விடிகாலையில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "கிழவி கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. பாவம், புதுசா வந்தவ ஒழுங்கா திருப்பிப் படுக்க வைக்கிறாளோ என்னமோ." இத்தனை வருஷம் அவளுக்காகத் தான் ஏங்கிய ஏக்கத்துக்கு இப்போது அந்தக் கிழவியும் பங்காளியாக முளைத்துவிட்டாள் என்று பௌலினோவுக்குப் பட்டது. எழுந்து போய்க் காபி போட்டார்.

காலி பெயின்ட் டப்பாக்களில் செராணியம் பூச்செடிகளை நட்டு வாசலில் வரிசையாக வைத்தாள் ஒஃபேலியா. நாய்க்காரச் சென்யோரா நின்று பார்த்தாள்.

"நீ இங்க வேலைக்கு வந்திருக்கியா?"

"நான்தாங்க வீட்டுக்காரி. உள்ள வாங்க, காபி குடிக்கலாம்."

சென்யோரா முகம் சிவந்துபோய் உள்ளே வந்தாள். பேசிப் பேசிப் பொழுது சாய்ந்த பிறகே எழுந்தாள்.

மிலானில் அவளுக்குப் பென்ஷன் கிடைக்க இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி. விமான நிலையத்தில் ஒஃபேலியா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"வீடு எங்கயும் ஓடிப்போகாது, கிழவா."

"வீடு ஓடாது. வயசுதான் ஓடுது."

அவள் சோதனை வரிசையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதன்பின் கூட்டம் மறைத்துவிட்டது.

மறுநாள் சென்யோரா கதவைத் தட்டி மரியாதையாகக் கேட்டாள். "உங்க வீட்டம்மா செராணியத்துல ஒரு கிளை தர்றேன்னு சொன்னாங்க, தொன் பௌலினோ. எப்ப திரும்பி வருவாங்க?"

"வருவா" என்றார் பௌலினோ. சலூன் கத்தரியை எடுத்துவந்து, மொட்டு நிறைந்த கிளையாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார்.