கடைசிக் கறுப்புக் கார்

விலையுயர்ந்த கார் விற்பவனுக்குக் காரைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, ஏறுகிறவரின் வேட்டியைப் பற்றியும் தெரிய வேண்டும். மதுரையில் இந்தத் தொழிலில் என்னோடு வதைபட்ட அன்பர்களுக்கு இது புரியும். எங்கள் கம்பெனி தன் மிக விலை கூடிய, தரையோடு தாழ்ந்த செடான் காரின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எங்கள் ஷோரூமில் ஒரே ஒரு கறுப்புக் கார் மிச்சம். "இந்த மாசம் அதை வித்தா மதுரை. இல்லேன்னா உங்களுக்குச் சென்னைக் கிளை" என்றார் மேனேஜர். என் மனைவிக்கோ இங்கே மிஷன் பள்ளியில் ஆசிரியை வேலை.

வம்சாவளி

வந்தவர்களுக்கெல்லாம் காரின் வரலாற்றைச் சொன்னேன். முதல் தலைமுறையில் மர வேலைப்பாடு, இரண்டாவதில் பின் சீட்டுக்குத் தனி ஏசி, மூன்றாவதில் கால் நீட்ட வசதி, நான்காவதில் முதுகு பிடித்துவிடும் சீட். நடுவில் முகப்பு விளக்கு மாறிய கதையைத் தொடங்கியபோது, ஒரு டாக்டர் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பக்கத்து மேஜை செல்வி கேட்டாள்: "அண்ணே, நீங்க கார் விக்கிறீங்களா, கல்வெட்டு வாசிக்கிறீங்களா?"

முன் சீட்டு

எழுமலைப் பருத்தி வியாபாரி ஒருவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, முதுகு பிடிக்கும் பொத்தானை அழுத்தினேன். கண்ணை மூடி ரசித்தார். விற்றுவிட்டது என்றே நினைத்தேன்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பியதும் இறங்கிப் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நம் பக்கத்துப் பெரிய மனிதர்கள் முன் சீட்டில்தான் வருவார்கள். பின் சீட்டுக்காகவே பிறந்த காருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் சொன்னார்: "பின்னால படுத்துக்கிட்டே போனா, நான் வாரேன்னு ரோட்டுல எவனுக்குத் தெரியும் மாப்ள?"

குனிதல்

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், கஞ்சி போட்ட வேட்டியும் கூட நாலு ஆட்களுமாக வந்தார். கதவைத் திறந்துவிட்டேன். தலையைக் குனிந்தார், ஆட்களைப் பார்த்தார், நிமிர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற உயரமான வண்டியில் படி மிதித்துக் கம்பீரமாக ஏறினார். உற்பத்தி நின்றதற்கு, வாடிக்கையாளர் ரசனை உயரமான வண்டிக்கு மாறிவிட்டது என்று கம்பெனி சுற்றி வளைத்துச் சொன்ன காரணத்தை அவர் நேராகச் சொன்னார்: "இம்புட்டுக் காசையும் குடுத்துப்புட்டு, நம்ம ஆளுக முன்னாடி நானே குனியணுமாண்ணே?"

முக்காலி

மாதக் கடைசியில் பாத்திரக்கடை ரஹீம் பாய் மனைவியோடு வந்தார். வீட்டில் இருப்பது உயரமான வண்டி. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. முக்காலி போட்டுத்தான் ஏறவேண்டும். பாய் கையில் அதுவும் வந்திருந்தது. "செய்யறதையே நிறுத்திட்டாங்களே, நாளைக்கு ஒரு சாமான் உடைஞ்சா கிடைக்குமா?" என்று கேட்டார். உதிரி பாகம் தொடர்ந்து வரும் என்று மட்டும் சொல்லி, வம்சாவளியைச் சிரமப்பட்டு விழுங்கினேன்.

அதற்குள் அந்த அம்மா யார் கையையும் பிடிக்காமல் பின் சீட்டில் உட்கார்ந்து, காலையும் நீட்டிவிட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "ஏங்க, இனிமே செய்யாட்டிப் போறாங்க, அந்த முக்காலிய இங்கனயே போட்டுட்டு வாங்க!"

நாலு தலைமுறையாக முதலாளிகளின் முதுகுக்காகச் செதுக்கப்பட்ட கார் கடைசியில் ஒரு முழங்காலுக்கு விலைபோனதில் நான் மதுரையிலேயே இருக்கிறேன், அந்த முக்காலியும் உயரமான வண்டி பார்க்க வருகிறவர்களுக்காக எங்கள் ஷோரூமிலேயே இருக்கிறது.