டிக்கிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

எங்கள் பழைய காரின் டிக்கி கதவு சில மாதங்களாக ஒரு சவுக்குக் கழியின் தயவில்தான் நின்றது. கதவைத் தாங்குகிற இரண்டு கேஸ் ஷாக்கும் தளர்ந்துபோய், கையை எடுத்தால் தொப்பென்று விழும். கழி என் கண்டுபிடிப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

என் மனைவி அந்தக் காரில்தான் கேளம்பாக்கம், படூர் பக்கம் வீடு வீடாக இட்லி மாவு கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒருநாள் திருவிடந்தையில் கடல்காற்று அடித்த அடியில் கழி நழுவி, அவள் உள்ளே குனிந்திருக்கும்போதே கதவு இறங்கிவிட்டது. மாவு வாளி குறுக்கே இருந்ததால் அவள் தலை தப்பியது. வாளி தப்பவில்லை.

சாயங்காலம் நசுங்கிய வாளியை என் முன்னால் வைத்தாள்.

"இது என் தலையா இருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

மறுநாளே புது ஷாக் வாங்கிவந்தேன். நானே மாட்டுவதாகச் சொல்லியும் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்து கதவைத் தாங்கிப் பிடித்தான்.

"மெக்கானிக்க இட்டாந்திருக்கலாம் மாமா. ஃபேன் ரிப்பேர் பண்றேன்னு எங்கள விசிறிக்கினு குந்த வச்ச ஆளு நீ."

"அது கரண்டு. இது இரும்பு. பேசாம புடி."

சின்ன ஸ்க்ரூடிரைவரால் க்ளிப்பை நெம்பியதும் பழைய ஷாக் கழன்றது. புதியதை வைத்து அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. நான் தொட்ட வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

புதுச் சாமான் மாட்டினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் வழக்கம். வேலை நடந்தது டிக்கியில் என்பதால், நன்றாக யோசித்து, கதவு வந்து மூடுகிற விளிம்பில் பழத்தை வைத்தேன்.

மைத்துனன் சிரித்தான். "நசுங்கலன்னா சாமி கோவிச்சிக்கும். நசுங்குச்சின்னா அக்கா கோவிச்சிக்கும். எது ஓகே?"

"கைய எடுறா."

எடுத்தான். கதவு நின்றது. மனைவி வந்து கதவைக் கொஞ்சம் கீழே இழுத்து விட்டாள். அது தானாகவே மேலே ஏறியது. அப்படியும் அவள் நம்பவில்லை.

"மொதல்ல உன் தலைய வுடு."

என் வழுக்கையை எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் நீட்டினேன். எது முதலில் நசுங்கும் என்று பழமும் நானும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

"தள்ளிக்கோ" என்றாள். கழியைத் தேடாமல், கதவை ஒரு கையால் பிடித்துக்கொள்ளாமல், தோள் வரைக்கும் டிக்கிக்குள் குனிந்து, மூலையில் காய்ந்துபோயிருந்த மாவை இரண்டு கையாலும் சுரண்டினாள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போகும்போது பழத்தையும் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது ஜூஸாகி என் கைக்கு வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். சொட்டு விடாமல் குடித்தேன்.