செ. அப்படியே இருக்கட்டும்

அன்றைக்கு ராமநாதபுரம் இ-சேவை மையத்தில் நான் இருந்தேன். கல்யாணமாகி மூன்று மாதமான என் மனைவி இருந்தாள். அம்மாவும், அய்யா என்று நான் கூப்பிடும் அப்பாவும் வந்திருந்தார்கள். மனைவியின் அப்பா மட்டும் இல்லை. அவள் பன்னிரண்டாவது படிக்கும்போதே அவர் தவறிவிட்டார்.

எங்கள் ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்க்கப் போயிருந்தோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஆதார்ல இருக்கபடி செ.ன்னே போட்டுறவா? வீட்டுக்காரர் எழுத்துக்கு மாத்துறதா இருந்தா மொதல்ல ஆதார மாத்திட்டு வாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "மாத்தத்தானம்மா வேணும். கல்யாணம் முடிஞ்சப்புறம் எந்த ஊர்ல அப்பன் எழுத்தப் போடுறாக?"

மனைவி மடியில் இருந்த சர்டிபிகேட் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த செ. என்னவென்று எனக்குத் தெரியும். சாயல்குடிப் பக்கம் மிளகாய் போட்டுப் பிழைத்தவர் அவள் அப்பா. அவருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான். அதுவும் மகளிடம் கற்றுக்கொண்டது. வருசா வருசம் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டியதும், கையைக் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்காருவாராம். செ. எழுதிப் புள்ளியை அழுத்தி வைப்பாராம். "நான் புள்ளி வச்சிட்டேன். மிச்சத்த நீ எழுதிக்க தாயி." கல்யாணத்துக்கு முன்னால் போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இருந்தாலும் எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அவள் பெயருக்கு முன்னால் என் எழுத்து வரவேண்டும். எங்கள் வீட்டில் ஓர் எழுத்தாவது ஒழுங்காகக் கைமாற வேண்டும்.

ஏனென்றால் என் இனிஷியல் க. அய்யாவின் பெயரோ மு-வில் ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைச் சேர்த்த அன்று அய்யா கருவேலம் வெட்டப் போயிருந்தார். அம்மாதான் கூட்டிப்போனாள். வெளியூரிலிருந்து வந்திருந்த வாத்தியார், "அப்பா பேரு?" என்றார். புருசன் பெயரை அம்மா வாயால் சொல்ல மாட்டாள். "நம்ம ஊரு எல்லையில அருவாளோட நிக்குதுல்ல சார், அந்தச் சாமி பேருதான்" என்றாள். எல்லையில் நிற்பது இரண்டு பேர், கருப்பரும் முனியரும். வாத்தியார் கருப்பர் பெயரை எழுதிக்கொண்டார். அய்யாவுக்கு வைத்தது முனியர் பெயர்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அய்யா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, கருப்பர் மகனே" என்று ரொம்ப நாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திருத்துவதற்கு அலைந்தால் கூலி போகும். அப்படியே விட்டோம். டிகிரி வரைக்கும் க. என்கூடவே வந்துவிட்டது.

"குடும்பத் தலைவர் பேரு என்னம்மா?" என்று அந்த அக்கா கேட்டார்.

வெளியே போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அய்யாவை அம்மா கையால் காட்டினாள். "அந்தா வாராகல்ல, அவுகதான்."

"ஆளக் கேக்கலம்மா, பேரக் கேட்டேன்."

"எங்க ஊரு எல்லையில ஒரு சாமி…"

அய்யா பாய்ந்து உள்ளே வந்தார். "அடியே, நிப்பாட்டு! ஒருக்கா சாமியக் காட்டித்தான் எம் மகனக் கருப்பருக்குத் தத்துக் குடுத்த. இப்ப யாருக்கு எழுதிவைக்கப் போற?"

மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டாள். அந்த அக்காவும் சிரித்தார். அய்யா தன் பெயரைத் தானே சொன்னார். இனிஷியல் பேச்சை நான் அவரிடம் சொன்னதும் மருமகள் பக்கம் திரும்பினார்.

"இப்ப இருக்கிறது யாரு எழுத்து தாயி?"

"எங்கப்பா எழுத்து மாமா."

"சரியாப் போட்டிருக்காகளா?"

"எனக்கு அவுகளே போட்டது மாமா."

அய்யா அம்மா பக்கம் திரும்பிச் சொன்னார். "எம் எழுத்து எம் மகன்கிட்ட இல்ல. இந்தப் புள்ளகிட்ட அவ அப்பன் எழுத்து பத்திரமா இருக்கு. அதுல ஏன் கைய வைக்கிற?"

நான் மனைவியைப் பார்த்தேன். "உனக்கு எப்படித் தோணுது?"

"இருக்கட்டுமேங்க" என்றாள்.

"செ. அப்படியே இருக்கட்டும்க்கா" என்றேன். என் எழுத்து எங்கேயும் போகாமல் என்னிடமே தங்கிவிட்டதில் சின்ன வருத்தம் இருந்தது உண்மை. பக்கத்தில் அவள் ஃபைலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்ததையும் பார்த்தேன்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அம்மா தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "சீர்ப் பாத்திரத்துலயும் செ.ன்னுதான் வெட்டியிருக்கு. அத அழிச்சு வெட்டுற கூலியாவது மிச்சம்."

பெயர் சேர்க்க அறுபது, ஜெராக்ஸுக்குப் பத்து, நான்கு டீ நாற்பத்தெட்டு. ஆக மொத்தம் நூற்றுப் பதினெட்டு ரூபாய். யாரையும் பையில் கைவிட விடாமல் அம்மாதான் கொடுத்தாள்.