பசளை போடாத பாத்தி

சூடை மீன் கழுவிய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தேன். குசினி வாசலில் மகள் இரண்டு சாடிகளில் மிளகாய்ச் செடி வைத்திருக்கிறாள். பாடசாலைப் பரிசோதனை. ஒன்றுக்கு உரப்பசளை உண்டு, மற்றதற்கு இல்லை. மற்றபடி தண்ணீர், வெயில் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம். பசளையில்லாத செடி வெளிறிப்போய் நின்றது. கையில் மீன் வாடை. குறிஞ்சிப்பிட்டியில் வாப்பா செய்த தோட்டம் நினைவுக்கு வந்தது.

வாப்பா யாரையும் இலேசில் நம்பமாட்டார். ஒரு போகம் புதுப் பசளை வாங்கி, எல்லா மிளகாய்ப் பாத்திகளுக்கும் போட்டு, சோதித்துப் பார்க்கக் கிணற்றடிப் பாத்தியை மட்டும் விட்டுவைத்தார். அதுதான் கருகருவென்று வளர்ந்து நிறையக் காய்த்தது. "பசளையெல்லாம் சும்மா பொய்" என்று பள்ளிவாசல் முன்னால் நின்று ஊருக்கே சொன்னார். அடுத்த போகம் ஒரு பிடியும் போடவில்லை. தோட்டம் முழுக்க மஞ்சளாகிப்போனது.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்த அன்றுதான் என் உம்மா வாய் திறந்தார்.

"அந்தப் பாத்திக்கு நான் போன போகம் ஒவ்வொரு நாளும் மீன் கழுவின தண்ணி ஊத்தினேன். எல்லாத்துக்கும் குடுத்துட்டு அத மட்டும் பட்டினி போட்டா பாவமில்லையா?"

வாப்பா தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அப்ப நான் சோதிச்சது ஒன்ட மீன் தண்ணியவா?" என்றார்.

"உம்மா, அதுக்கு ஒண்டும் ஊத்திராதீங்க!" உள்ளேயிருந்து மகள் என்னைப் பார்த்துக் கத்தினாள். என் கையிலிருந்த மீன் தண்ணீர்ச் சட்டி பசளையில்லாத சாடிக்கு மேலே சரிந்திருந்தது.

"இல்ல மகள்" என்று கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினேன். சாடியைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.