ரத்னபாய் அக்காவின் மடக்கிய குடை

மழை வலுத்துவிட்டது. உதியன்குளங்கரை பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் கடை ஓரமாக ஒதுங்குகிறார்கள். ரத்னபாய் அக்கா மட்டும் சொட்டச் சொட்ட நனைந்தபடி நிற்கிறார். கையில் குடை இருக்கிறது, மடக்கியபடி. விரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் ரோட்டில் விழும்: ஒரு செம்பருத்திக் கம்பு, கொஞ்சம் குரோட்டன்ஸ், யார் வீட்டு மதிலிலிருந்தோ எட்டிப் பார்த்த போகன்வில்லா.

“நான் நனைஞ்சா காஞ்சிருவேன் மக்கா. இது கசங்குனா போச்சு” என்கிறார் பஸ் ஏறும்போது.

குன்னத்துகாலில் இவரைத் தெரியாதவர்கள் குறைவு. சர்ச் சாவி இவரிடம்தான் இருக்கும். அடுத்த வீட்டுத் தேங்காய் தன் முற்றத்தில் விழுந்தால் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். செடிக் கம்பு மட்டும் வேறு விஷயம். கேட்டு வாங்கிய கம்பு வேர் பிடிக்காது, தெரியாமல் ஒடித்ததுதான் பிடிக்கும் என்பது இந்தப் பக்கத்தில் பலரும் சொல்வது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அக்கா சிரிக்கமாட்டார். ஒடித்துவந்ததைக் கொல்லையில் குத்திவிட்டு மறந்துபோவார், அது பாட்டுக்குக் காடாக வளரும். பைபிளின் பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, நினைவூட்டினாலும் பதில் தயார்.

“அதில அடுத்தவனுக்க வீடு உண்டு, காளை உண்டு, கழுதையும் உண்டு. கம்பு சொல்லல்ல, கேட்டியா?”

‘பிறனுக்குள்ள யாதொன்றையும் இச்சியாதிருப்பாயாக’ என்று அந்தக் கற்பனை முடிவதை நான் எடுத்துச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

ஐம்பதைத் தொடும் வயது. வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகளில் புல் பதிப்பதும் செடி வைப்பதுமாக வெகுகாலம் கூலிவேலை செய்தார். இன்றைக்கு எந்த வீடு என்பது விடிந்த பிறகுதான் தெரியும். போன வருஷம் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி திறந்தார்கள். தோட்டத்துக்கு நிரந்தரமாக ஆள் வேண்டும், தொழிலை முறையாகப் படித்த சான்றிதழும் வேண்டும் என்றார்கள். அந்த வேலைக்காகத்தான் தனுவச்சபுரத்தில் சனிக்கிழமைதோறும் நடந்த தோட்டக்கலை வகுப்பின் முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஆந்தூரியம் வளர்த்துப் பணக்காரியாகிவிடலாம் என்ற நப்பாசையில் நான் பின்பெஞ்சில் இருந்தேன்.

பாடம் எடுத்த பிரசீதா மேடம் விவசாயக் கல்லூரியில் படித்தவர், அக்காவின் மகள் வயது. மண் கலவை, புல்தரைக்கு வேண்டிய சரிவு, நிழல்செடிக்கு உரம் என்று எதைச் சொன்னாலும் அக்கா எழுந்து, “டீச்சரே, ஒண்ணுகூடிச் சொல்லணும்” என்பார். மறுபடி சொல்லக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அவர் புண்ணியத்தில் எனக்கும் நாலு விஷயம் தலையில் ஏறியது.

சிக்கல் கடைசிப் பரீட்சையில் வந்தது. மேடம் ஆளுக்குக் கொஞ்சம் போகன்வில்லாக் கம்புகளைக் கொடுத்து, மண் நிரப்பிய பைகளில் ஊன்றச் சொன்னார். பாதிக்கு மேல் வேர்விட்டால் தேர்ச்சி. கையில் கொடுத்த கம்பு! அக்காவின் முகம் அப்போதே விழுந்துவிட்டது. நம்பிக்கை இல்லாமல் வாராவாரம் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். கடைசியில் ஒன்றுகூட வேர்விடவில்லை. என் கம்புகள்கூடத் துளிர்த்திருந்தன. இதைவிட அவமானம் அவருக்கு வேண்டுமா?

“இப்பிடி உருவி உருவிப் பாத்தா எப்பிடி அக்கா வேரு பிடிக்கும்?” என்றார் மேடம்.

“பிடிக்காதுன்னு தெரிஞ்சதுனாலயாக்கும் உருவிப் பாத்தேன்.” அக்காவின் கண் கலங்கியிருந்தது. “டீச்சர் குடுத்த கம்புல்லா. எனக்க கைக்கு அது பிடிக்காது. ஆஸ்பத்திரி வேலையும் போச்சு.”

மேடம் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரும் இந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரர்தானே. புதிதாக ஒரு கட்டுக் கம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இது ஆருக்கும் உள்ளதில்ல. ஒருத்தரும் தொடப்பிடாது” என்று சத்தமாகச் சொன்னார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

வகுப்பே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தது. குடைக்கம்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. நாங்கள் திரும்பியபோது மேசை காலியாக இருந்தது.

அந்தக் கம்புகளை ஊன்றிய பிறகு அக்கா அவற்றைத் தொடவே இல்லை. தண்ணீர் விடும்போதுகூட முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். திருட்டுப் பொருளை நாலு பேர் முன்னால் உற்றுப் பார்க்கலாமா? ஒன்றிரண்டு போக எல்லாம் துளிர்த்தன. சான்றிதழ் வாங்கப் போனவருக்கு நான் கை வலிக்கத் தட்டினேன். என் சொந்தக் கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

இப்போது ஆஸ்பத்திரித் தோட்டம் அவருடைய ராஜ்ஜியம். செடிகளைத் தொடாதீர்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைத்திருக்கிறார். கம்பு ஒடிக்க வருகிறவர்களை நிமிஷத்தில் பிடித்துவிடுகிறார். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் கை நீளும் என்பது அவருக்குத் தெரியாததா?

போன வாரம் அங்கே போயிருந்தேன். ஒரே கொடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு போகன்வில்லா பூத்துக் கிடந்தது. மனசு கேட்கவில்லை.

“அக்கா, இதில ஒரு கம்பு...”

“கேக்காதே.” பதறிவிட்டார். “கேட்டுப்போட்டா பின்ன பிடிக்காது மக்கா. சும்மா நில்லு.”

கத்தரியை எடுத்தார். நன்றாக முற்றிய கிளையாகப் பார்த்து வெட்டி, இலைகளைக் கழித்து, குழாயடிச் சுவரில் வைத்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஓரத்தில் சாத்தியிருந்த குடையை எடுத்து விரித்தார். அது விரிந்து நான் பார்த்தது அன்றுதான். அதைப் பின்பக்கமாகத் தோளில் சாய்த்து, சுவரும் நானும் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றார்.