மரத்தில் கட்டிய சிவப்புத் துண்டு

எனக்குச் சொந்த ஊர் மதுரை. இப்போது இலங்கையில், நுவரெலியா ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை. ஒரு லீவு நாளில் வட்டகொடைப் பக்கம் தனியாக மலையேறினேன். தேயிலைக்குள் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், அடையாளத்துக்கு என் சிவப்புத் துண்டை ஒரு மரத்தில் கட்டினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இறங்கும்போது ஒரே பனிமூட்டம். பாதை பிரியும் இடம் வந்தது, துண்டைக் காணோம். வேறு இடமோ என்று நடந்தால், சுற்றிச் சுற்றி ஒரே பாறைக்கே மூன்று முறை வந்தேன். துண்டைக் கட்டினேனா, கட்டியதாக நினைத்துக்கொண்டேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. காலடியில் மண் சரிந்து பள்ளம் தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்து கத்தினேன்.

சத்தம் கேட்டு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா வந்தார். கூடைக்குள்ளிருந்து என் துண்டை எடுத்தார்.

"இது உங்களுதாங்க? யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க, நனைஞ்சிருமேன்னு எடுத்து வச்சேன்."

திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

"கீழ லயத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே தேடி வந்திருப்போமே" என்றபடி ரோடு வரை கூட்டிவந்து விட்டார்.

இப்போதெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நின்று, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன். துண்டு என் கழுத்திலேயே இருக்கிறது.