பொன்னுக்கு வீங்காத கன்னம்

உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காதுக்குக் கீழே கன்னம் வீங்கினால் முதலில் எதைத் தேடுவீர்கள்? மருத்துவரையா, தங்கச் சங்கிலியையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். கள்ளிக்குப்பத்து ஞானம்மாளின் வீட்டில் சங்கிலியைத்தான் தேடினார்கள்.

ஞானம்மாளுக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் பிசிறு பார்ப்பாள். நாற்பதைத் தாண்டியபோது இடது காதுமடலுக்குக் கீழே பட்டாணி அளவில் ஏதோ உருண்டது. வலி இல்லை, ஜுரம் இல்லை. அது புளியங்கொட்டை அளவானபோது மாமியார் முத்தம்மாள் கண்ணில் பட்டது.

“பொன்னுக்கு வீங்கிடி இது. கழுத்துல பொன்னு ஏறுனா தன்னால வத்திப்பூடும்.”

சொன்னதோடு நிற்காமல் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மருமகளுக்குப் போட்டாள். கட்டியின்மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டாள்.

கம்பெனியில் ஒரே கேலி. “இன்னா ஞானம், மஞ்சா பூசிகினு சங்கிலி மாட்டிகினு வர்ற, ரெண்டாங் கல்யாணமா?”

“ஆமாண்டி, மாப்ள மட்டும் பழைய ஆளு” என்றாள் ஞானம்மாள்.

கம்பெனிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினாள். டாக்டர் கழுத்தைத் தொடவே இல்லை. சங்கிலியைப் பார்த்துச் சிரித்தார். “போட்டுக்கோங்க, அதுல என்ன நஷ்டம்?” என்று வலி மாத்திரை எழுதித் தந்தார். வலியே இல்லாதவளுக்கு வலி மாத்திரை!

நாலு வருஷம் போனது. கட்டி வளராமல் கிடந்தால் சங்கிலியின் மகிமை என்றார்கள். வளர்ந்தால் பவுன் போதவில்லை என்றார்கள். தோற்கவே முடியாத வைத்தியம்! கட்டி எலுமிச்சம்பழமாயிற்று.

ஒரு நாள் காலை முகம் கழுவும்போது சோப்பு நுரை இடது கண்ணில் இறங்கி எரிந்தது. மூடப் பார்த்தாள். இமை அசையவில்லை. கண்ணாடியில் வாய் ஒரு பக்கமாகக் கோணி நின்றது.

புருஷன் பச்சையப்பன் பதறி ஓடி, ஒரு மஞ்சள் பையோடு திரும்பினான். பை துடித்தது. உள்ளே புறா.

“வாதம் அடிச்சிக்கீது. புறா ரத்தத்த சுடச்சுட தேச்சா வாய் நேராயிடும் ஞானம்!”

“யோவ், அத்த உட்டுடு, பறந்து போவட்டும்” என்றாள் கோணிய வாயால். “நாலு வருஷம் பொன்னு போட்டு பாத்தாச்சு, இப்ப புறாவா? என் மூஞ்சி இன்னா உங்களுக்கு வெளையாட்டு சாமானா?”

சங்கிலியைக் கழற்றி மாமியார் கையில் வைத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். சோதனைகள் முடிந்ததும் அறுவை மருத்துவர் மஹீரா அவளை உட்காரவைத்துப் பேசினார்.

“பொன்னுக்கு வீங்கின்னா ஜுரமும் வலியும் இருக்கும், பத்து நாள்ல வத்திடும். இது எச்சில் சுரப்பியில வர்ற கட்டிம்மா. எங்ககிட்ட வர்றதுல பெரும்பாலும் இந்தக் காதடிச் சுரப்பியிலதான் இருக்கும். முக்கால்வாசி சாதுவான கட்டி, ஆபரேஷன்ல எடுத்துடலாம். வருஷக்கணக்கா விட்டு வெச்சா சிலது புத்துநோயா மாறிடும். உங்களுது மாறிடுச்சு.”

“கண்ணு மூடுமா டாக்டர்?”

மஹீரா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “உயிரைக் காப்பாத்தப் பாக்கறேம்மா. முகத்து நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளதான் போகுது. அதைக் கட்டி தின்னுடுச்சு.”

அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து ஞானம்மாள் பிழைத்தாள். மறுபடி சட்டைகளில் பிசிறு பார்க்கிறாள். கண் காயாமல் இருக்க அடிக்கடி சொட்டு மருந்து, தூங்கப்போனால் இமையை இழுத்து ஒட்டப் பிளாஸ்திரி. சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கிறது. “அதுல என்ன நஷ்டம்” என்று கேட்டாரே ஒரு டாக்டர், அவருக்கான பதில், சிரிக்காத அந்த மீதிப் பாதி. முத்தம்மாளை மன்னிக்கலாம், தெரியாமல் செய்தாள். சுவரில் பட்டத்தை மாட்டிக்கொண்டு சிரித்தவரை எப்படி மன்னிப்பது?

போன மாதம் பக்கத்து வீட்டு ரோஷினிக்குக் காதடியில் வீக்கம் என்று சங்கிலி இரவல் கேட்டு வந்தார்கள். முத்தம்மாள் தன் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். “பொன்னு கெடக்கட்டும். மொதல்ல டாக்டராண்ட இட்டுகினு போ. தொட்டுப் பாக்காத டாக்டரா இருந்தா எழுந்து வந்துடு.”

இப்போதே உங்கள் இரு காதடிகளையும் தாடைக்குக் கீழேயும் தடவிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் பாருங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாத கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும், சங்கிலியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.